படுத்த சைக்கிளுக்கு ஒரு கேரியர்

போன வருடம் தசரா முடிந்து, பெங்களூரில் மழை விட்டும் விடாமலும் நசநசவென்று இருந்த சமயத்தில் நடந்தது இது. நான் ஸ்ரீராம்புரத்துக்காரன். மஞ்சள் போர்டு போட்ட ஒரு சின்ன கார் வைத்து ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம். அதனால் நான் சொல்லச் சொல்ல இதை என் மகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். புத்திப் பிழை எல்லாம் என்னுடையது.

என் தங்கையின் வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளை, கிரில் வேலை செய்கிறவர். வெல்டிங்கில் கெட்டி. நாங்கள் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் வாடா போடா. தாலி கட்டிய நிமிடத்திலிருந்து, "வாங்க மாப்ள." இரண்டு பேருக்கும் அது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் என் அம்மாவின் உத்தரவு.

நீலசந்திராவில் ஒரு மாடி வீட்டுக்கு ஜன்னல் கிரில் மாட்டும்போது சாரம் சரிந்து மாப்பிள்ளை கீழே விழுந்துவிட்டார். முதுகில் கம்பி வைத்துத் தைத்தார்கள். உயிர் வந்தது, நடையும் வந்தது, ஆனால் கைத்தடியோடு. குனியக் கூடாது, கனம் தொடக் கூடாது, நேராக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். எப்போதும் சாய்ந்தபடியோ படுத்தபடியோதான் இருக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் திரும்பவே இல்லை. நான் போய் என்ன கூத்தடித்தாலும் முதுகுதான் பதில் சொல்லும்.

ஒரு நாள் தங்கை வீட்டில் பாத்ரூமுக்குப் போனேன். உள்தாழ்ப்பாளைக் காணோம். "என்னடி, தாழ்ப்பா எங்க?" என்றேன். துருப்பிடித்துவிட்டது, கழற்றிவிட்டேன் என்றாள். இரும்பு வேலை செய்கிறவன் வீட்டில் துருவா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண் மாப்பிள்ளையின் கட்டில் பக்கம் போனதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய சில தடவைகளில் அது ஒன்று.

அந்த மனிதரைச் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திருப்பியது ஒரு செல்போன் வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்காரர், ஈஸிசேரில் சாய்ந்திருப்பது போலச் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி சைக்கிள் மிதிக்கிறார். ரிகம்பென்ட் என்று பெயராம். என் வாயில் அது நுழையவில்லை. எங்கள் சந்தில் படுத்த சைக்கிள் என்றே பெயராகிவிட்டது. மாப்பிள்ளை அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் பல மாதங்களில் முதல் தடவையாக அவராகவே என்னிடம் பேசினார்.

"மச்சான், இதுல முதுகு முழுசா சாயுது பாத்தியா? காலுக்கு மட்டும்தான் வேல."

அவ்வளவுதான். கிரில் கடை முதலாளி இடம் கொடுத்தார், பழைய சைக்கிள்களை நான் பொறுக்கி வந்தேன். பெஞ்சில் சாய்ந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக, தன் கையாலேயே ஒரு படுத்த சைக்கிளை ஒட்டி முடித்தார். ஸீட்டுக்குக் கட்டில் நாடா பின்னினார். ஷெட்டுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மிதித்துக் காட்டியபோது முதலாளி கைதட்டினார். மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். பாத்ரூமில் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

தங்கை ஒரு கண்டிஷன் போட்டாள். தனியாக ஓட்டக் கூடாது, அண்ணன் கூடவே போக வேண்டும். அதனால் எனக்கும் ஒன்று தயாரானது. என் தொப்பையோடு நான் அதில் படுத்திருப்பதைப் பார்த்த முதலாளி, "அரிசி மூட்டைய யாருப்பா சைக்கிள்ல வெச்சது?" என்றார்.

இப்போது பிரச்சினை, எங்கே ஓட்டுவது? எங்கள் சந்து ஒரே சரிவு. இரண்டு பக்கமும் டூவீலர், நடுவில் தண்ணீர்க் குடம், குறுக்கே கோழி. மெயின் ரோட்டுக்குப் போனால் இந்த சைக்கிளில் படுத்திருக்கிறவன் தலை பஸ் டயரின் உயரத்தில் இருக்கும். டிரைவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டான். எனக்கு ஒரு இடம் ஞாபகம் வந்தது. மாகடி ரோட்டில் தாவரெகெரே தாண்டி வீட்டு மனை போட்ட ஒரு லேஅவுட். சைட் பார்க்கப் போகிறவர்களை நிறைய தடவை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். சைட் எல்லாம் விற்றாகிவிட்டது, ஒரு வீடும் வரவில்லை. தார் ரோடு மட்டும் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே போய் ஓட்டலாம் என்று முடிவானது. மாப்பிள்ளை அன்று ராத்திரி தூங்கவில்லையாம். தங்கை சொன்னாள், இந்தத் தடவை சந்தோஷத்தோடு.

வாரா வாரம் டெம்போ வாடகைக்குப் பிடிக்க முடியாது. அந்த முன் ஸீட்டில் நேராக உட்கார மாப்பிள்ளையாலும் முடியாது. என் காரில் முன் ஸீட்டை முழுக்கச் சாய்த்துவிடலாம். சைக்கிள்களோ காரின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தன. உள்ளே போகாது. வெளியேதான் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு கேரியர் வேண்டும். இங்கேதான் ஆரம்பித்தது வினை.

ஜே.சி. ரோட்டில் காருக்குச் சாமான் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். மாப்பிள்ளையைச் சாய்த்த ஸீட்டில் படுக்க வைத்து அழைத்துப் போனேன். அவர் காரிலிருந்தபடியே ஜன்னல் வழியாக உத்தரவு போடுவார். நான் கடைக்குள் போய் அவமானப்பட்டுவிட்டு வருவேன். இதுதான் ஏற்பாடு.

முதல் கடைக்காரர் செல்போனில் சைக்கிள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, சைக்கிள்மேல லாரி ஏறிச்சா?" என்றார். இரண்டாவது கடையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். டீ கொண்டுவந்தவர்கூடப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது கடையில் ஒரு பாய் இருந்தார். அவர் மட்டும் சிரிக்காமல் வெளியே வந்து, காரைச் சுற்றிப் பார்த்தார், சணல் கயிறு வைத்து அளந்தார்.

"தேக்கோ அண்ணா, இந்த டிக்கில மாட்டற ஸ்டாண்டு சாதா சைக்கிளுக்கு. நடு பைப்ப கொக்கில மாட்டி தொங்க உடறது. உன் சைக்கிள்ல நடு பைப்பே இல்ல. எதுல தொங்கும், உன் மீசைலயா?"

"வேற என்ன வழி பாய்?"

"டாப் கேரியர் போடலாம், மேல நிக்கும். இல்ல, பின்னாடி பம்பருக்கு கீழ ஒரு பார் அடிச்சு, அதுல தட்டு மாதிரி ஸ்டாண்டு வெச்சுக்கலாம். முட்டி ஒசரம்தான். ஆனா ரெண்டு பக்கமும் ரோட்டுல நீட்டிக்கினு இருக்கும், நம்பர் பிளேட் மறையும். மஞ்ச போர்டு வண்டி உன்னது. போலீஸ்காரன் உடுவானா, எனக்கு தெரியாது. நீயே யோசிச்சிக்க."

யோசிப்பது என்ற வேலையை என்னிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கிரில் கடையில் டீ வந்தது, நான், மாப்பிள்ளை, முதலாளி, வேலை செய்கிற இரண்டு பேர், ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்தோம். மேலேயா, பின்னாலேயா? முதலாளி பின்னால்தான் நல்லது என்றார். மேலே வைத்தால் காற்று அடிக்கும் என்பது அவர் கட்சி. எனக்கு என் பர்மிட் பயம். அதைப் பயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஜோக்காகச் சொன்னேன்.

"பின்னாடி கீழ வெச்சா, சிக்னல்ல நிக்கறப்ப தெருநாய் எல்லாம் வந்து கால தூக்கிட்டு போகும் மாப்ள. அப்பறம் உங்க பெயிண்டுக்கு நான் பொறுப்பில்ல."

மாப்பிள்ளை சிரித்தார். சும்மா இல்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று! எனக்குப் பேராசை வந்துவிட்டது. பின்னால் வரும் எருமை கட்டில் நாடாவில் படுத்துக்கொள்ளும் என்றேன். ஆட்டோக்காரன் அதில் சவாரி ஏற்றிக்கொண்டு மீட்டர் போடுவான் என்றேன். சிரித்து ஓய்ந்து டீ கிளாஸைக் கீழே வைத்தபோது, பின்பக்க ஸ்டாண்டு என்கிற பேச்சே முடிந்துபோயிருந்தது. அதை மறுபடி எடுத்தால் எடுக்கிறவன்தான் கோமாளி. அவ்வளவு நன்றாக நான் அதைக் கொன்றிருந்தேன்.

"மேலதான் மச்சான். கேரியர நானே அடிக்கறேன். ஊரே அண்ணாந்து பாக்கணும்," என்றார் மாப்பிள்ளை.

அடித்தார். சதுரப் பைப்பில், காரின் மேல் கீறல் விழாதபடி அடியில் ரப்பர் வைத்து, சக்கரம் உட்கார வாய்க்கால் மாதிரி தகடு வளைத்து, காற்றுக்கு அசையாதபடி நான்கு பக்கமும் கிளாம்பு போட்டு. கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது. அந்தக் கேரியரில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதை நான் முதலில் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள்.

"புது வண்டிண்ணா. பூஜ போடாம ரோட்டுல எறக்குவியா?"

மஞ்சள், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் கட்டில் நாடா நனைந்து மாப்பிள்ளை முதுகு ஈரமாகிவிடும் என்று அவளுக்குக் கவலை. சைக்கிள்களை மேலே ஏற்றியதும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் போர்த்திக் கட்டச் சொன்னாள். வேட்டிக்கு மேலே ஒரு பெரிய சாமந்தி மாலை. ஏற்றுவதற்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. எங்கள் சந்தில் ஒரு கனமான பொருளைப் பார்த்து 'உஸ்' என்றால் போதும், கேட்காமலேயே எட்டுக் கை வந்துவிடும். சிலிண்டர், பீரோ, சாக்கடையில் விழுந்த குடிகாரன், எதுவானாலும் சரி. சைக்கிள்கள் எப்படி மேலே போயின என்றுகூட நான் கவனிக்கவில்லை. நான் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கிளம்பினோம். சந்து முனை தாண்டியதும் இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து ஒரு மளிகைக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பைக்கில் வந்த ஒருவர் ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரின் மேல் நீளமாக ஒரு உருவம், வெள்ளை வேட்டி போர்த்தி, மாலை போட்டு, கயிற்றால் கட்டி.

"மாப்ள," என்றேன், "நாம பொணம் எடுத்துட்டு போறோம்னு நெனச்சிட்டாங்க."

படுத்திருந்தவர் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பதிலுக்குக் கும்பிட்டார்.

டோல்கேட் சிக்னலில் போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் குறுக்கே வந்த வண்டிகளை எல்லாம் நிறுத்தி வழி விட்டார். எனக்கு! இத்தனை வருட டிரைவர் வாழ்க்கையில் போலீஸ்காரர்கள் என்னை நிறுத்தித்தான் பழக்கம். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தமிழர், மெதுவாக விசாரித்தார்.

"வயசானவரா சார்?"

"இல்லப்பா, புதுசு," என்றார் மாப்பிள்ளை. "நேத்துதான் பெயிண்ட் அடிச்சோம்."

ஆட்டோக்காரர் பேயைப் பார்த்தவர் மாதிரி பின்னுக்குப் போய்விட்டார். நாங்கள் தாவரெகெரே வரும்வரை சிரித்தோம். நடுவில் மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டு, "விழுந்த அன்னிக்கே போயிருந்தா இவ்ளோ மரியாதயாதான் எடுத்துட்டு போயிருப்பாங்க, இல்ல மச்சான்?" என்றார். நான், "இன்னிக்கி நீங்க சைக்கிள் ஓட்டப் போறீங்க மாப்ள," என்றேன். "ஆமா, ஆமா," என்றார். முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

லேஅவுட்டில் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. பார்க் என்று போர்டு உண்டு, செடி இல்லை. தூறலும் நின்றிருந்தது. ஈரத்தில் ரோடு பளபளவென்று, வளைவே இல்லாமல், தூரத்து ஏரிக்கரைவரைக்கும் போனது. மாப்பிள்ளை தடியை ஊன்றி இறங்கி, அந்த ரோட்டைப் பார்த்தபடி நின்றார். சாப்பிட உட்கார்ந்தவன் இலையைப் பார்ப்பது போல.

நான் வேட்டியையும் மாலையையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு மேலே பார்த்தேன். இரண்டு இரும்பு சைக்கிள். என் தலைக்கு மேலே. சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை ஒரு ஆள் இல்லை.

அந்த நிமிடம்வரை எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை உங்களால் நம்ப முடியாது. எனக்கு மட்டும் இல்லை, கேரியர் அடித்த மாப்பிள்ளைக்கும், முதலாளிக்கும், பூஜை போட்ட தங்கைக்கும். ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவனுக்கு ஆள் இல்லாத இடம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. இறக்குவதற்கு யார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. முட்டி உயரத்தில் இருந்திருந்தால் நான் ஒருவனே உருட்டி இறக்கியிருப்பேன்.

"மச்சான், ஒருத்தனால முடியுமா?"

"இதென்ன மாப்ள, ஜுஜுபி," என்றேன். வேறு என்ன சொல்வேன்?

என் சைக்கிளை முதலில் இறக்கினேன். இறக்கினேன் என்பதைவிட அதோடு சேர்ந்து நானும் விழுந்தேன் என்பதுதான் சரி. முழங்கை தோல் உரிந்தது. மாப்பிள்ளை சிரித்தார், நானும் நடித்துக் காட்டினேன். "ஃபோன் பண்ணி யாரையாச்சும் வரச் சொல்லலாமா?" என்று அவர் கேட்டார். அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சந்திலிருந்து ஆள் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். இன்னொன்றுதானே என்று அவருடைய சைக்கிளைப் பிடித்து இழுத்தேன்.

பெடல் கிளாம்பில் மாட்டிக்கொண்டது. ஒரு உதறு உதறினேன். விடுபட்டு மொத்தமாகச் சரிந்தது. ஈரக் கை வழுக்கிவிட்டது. சைக்கிள் என்னைத் தாண்டி அந்தப் பக்கமாக, மாப்பிள்ளை நின்ற பக்கமாகப் போனது. அவர் விலகியிருக்கலாம். விழுந்தால் விழட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவர் இரும்புக்காரர். வருஷக்கணக்காக மேலிருந்து வருகிற இரும்பைக் கையேந்திப் பிடித்தவர். தடி ஒரு பக்கம் விழுந்தது, இரண்டு கையும் மேலே போயின, பிடித்துவிட்டார்.

கீழே விடவில்லை. தலைக்கு மேலே அப்படியே ஏந்தி நின்றார். அவர் முகத்தில் இருந்ததைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. பழைய மாப்பிள்ளை, சாரத்தில் நின்று எங்களுக்குக் கை காட்டுகிறவர், ஒரு கணம் அங்கே நின்றார். பிறகு மெதுவாக, பெயிண்ட் உரசாமல், சைக்கிளைக் காரில் சாய்த்து வைத்தார். கார் கதவைப் பிடித்தார். வழுக்கிக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்தார், அப்படியே படுத்தார்.

"மச்சான்," என்றார், "கால் எங்க இருக்குன்னு தெரியல."

"டேய், வெளயாடாதடா," என்றேன். பத்து வருட 'வாங்க மாப்ள' போன இடம் தெரியவில்லை.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டேன். எந்த கிராஸ் தெரு, எந்த மெயின் தெரு, பக்கத்தில் என்ன கடை என்று கேட்டார்கள். கிராஸ் எல்லாம் இருந்தது, அதற்குப் பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. கடை என்று சொல்ல ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. மெயின் ரோட்டுப் பெயரைச் சொல்லி, அங்கிருந்து உள்ளே வர வழி சொல்லி, கத்தி, கெஞ்சி, கட்டானது. மறுபடியும் போட்டேன். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டே, "அவகிட்ட சொல்லிடாத," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போது ஒரு குட்டி டெம்போ வந்தது. ஏரிப் பக்கம் எங்கேயோ செங்கல் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. டிரைவரும், பின்னால் லோடு இறக்குகிற இரண்டு பேரும். ரோட்டில் கிடந்த வெள்ளை வேட்டியையும் மாலையையும் பார்த்தார் டிரைவர், அதன் பக்கத்தில் படுத்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார், வண்டியை நிறுத்திக் கை கூப்பிவிட்டார்.

மாப்பிள்ளை கண் திறந்து, கன்னடத்தில், "இன்னும் இல்ல சார்," என்றார்.

அந்த டிரைவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மாப்பிள்ளையைத் தூக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். "அல்லாடிஸ்பேடா, அல்லாடிஸ்பேடா!" ஆட்டாதே, ஆட்டாதே என்று அதட்டல். ஓடிப்போய் 'சைட் விற்பனைக்கு' என்று எழுதியிருந்த பலகையைக் கம்பத்திலிருந்து பிடுங்கி வந்தார். நான்கு பேரும் குனிந்து, மாப்பிள்ளையை வளைக்காமல் அதன்மேல் நகர்த்தி, டெம்போவில் ஏற்றினோம். செங்கல் தூசி. டிரைவர் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்.

என் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொன்னார்கள். சைக்கிள்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பத்தான் போனேன். லோடு ஆட்கள் இரண்டு பேரும் டெம்போவில் ஏறும் முன் சேர்ந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டையும் தூக்கி மேலே வைத்துக் கிளாம்பையும் மாட்டிவிட்டார்கள். பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு பேருக்கு அது அவ்வளவுதான் வேலை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த நேரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமை.

மாகடி ரோட்டில் அதற்குள் கூட்டம் ஏறியிருந்தது. டெம்போக்காரர் ஹாரனிலிருந்து கையே எடுக்கவில்லை. பின்னால் நான் லைட் போட்டு, ஹாரன் அடித்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். யாரும் விலகவில்லை. காலையில் இரண்டு சைக்கிளுக்கு ஷட்டர் இறக்கிய ஊர் இது. உயிரோடு ஒரு மனிதன் பலகையில் கிடக்கிறான், ஒரு பைக்குக்காரன்கூட ஓரம் போகவில்லை. டோல்கேட் சிக்னலில் காலையில் வழி விட்ட அதே போலீஸ்காரர், ஹாரன் அடிக்காதே என்று என்னைப் பார்த்துத் தடியை ஓங்கினார். வேட்டி லேஅவுட்டிலேயே கிடந்தது. அதை மேலே போர்த்திக்கொண்டு வந்திருக்கலாமே என்று அப்போது தோன்றியது. எந்த மாதிரி நேரத்தில் என்ன மாதிரி யோசனை வருகிறது பாருங்கள், இதுதான் என் மூளை.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெம்போக்காரர் பனியனோடு, ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்வரை நின்றார். திரும்பிப் பார்த்தால் இல்லை. சட்டையைக்கூடக் கேட்கவில்லை.

உள்ளே வைத்த கம்பி பெயர்ந்து நரம்பை நசுக்கிவிட்டது என்றார் டாக்டர். மறுபடியும் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை. இனிமேல் வரும் என்றும் டாக்டர் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. நான் எந்த டாக்டரிடமும் இப்போது கேட்பதில்லை.

சைக்கிள்களை அறுத்துவிடச் சொன்னது மாப்பிள்ளைதான். ஒரு மீட்டர்கூட ரோட்டில் ஓடாத இரண்டு சைக்கிள். முதலாளி முடியாது என்றார். இவர் பிடிவாதம் பிடித்தார். அறுத்து, ஏதோ ஒரு வீட்டின் பால்கனி கிரில்லுக்குப் போட்டார்களாம். எந்த வீடு என்று நான் விசாரிக்கவில்லை. எங்கே போனாலும் பால்கனிகளைப் பார்க்காமல் ஓட்டப் பழகிவிட்டேன்.

தங்கை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருக்கும். "ஒன்னால என்னண்ணா பண்ணியிருக்க முடியும்?" என்கிறாள். பின்னால் ஸ்டாண்டு வைக்கலாம் என்ற பேச்சு இருந்ததும், அது எப்படிச் செத்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. இப்போது இதை எழுதுகிற என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு மறுபடி எடுத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் டூட்டிக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளிக்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பது என் பொறுப்பு. சாயந்திரம் தங்கை தனியாகத் தூக்குகிறாள். எங்கள் சந்தில் கை கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை, எல்லோரும் வருகிறேன் என்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு வேறு யாரும் வேண்டாம் என்றுவிட்டார் அவர். ஆரம்பத்தில் நான் தூக்கும்போது ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன். ஒரு நாள் அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டபடியே, "மச்சான், பேசாம தூக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் பேசுவதில்லை.

நீளம் பார்த்தோம், அகலம் பார்த்தோம், காற்று, போலீஸ், பெயிண்ட் எல்லாவற்றையும் பார்த்து ஒரு கேரியரைத் தேர்ந்தெடுத்தோம், நான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இன்று அவரைப் பூப்போலப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்து, கையை உதறிக்கொண்டு காருக்கு நடக்கிறேன், ஆனாலும் அந்தக் கனம் என் கையை விட்டு இறங்கவே இல்லை.